வரைபடத்தோடு ஸ்காட்லாந்தில் ஆறு நாட்கள்

முதல் நாள்: எடின்பரோ

உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் மாணவர்கள் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, கூம்புக் குன்று என்று கீழே எழுதி, முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கோடுகளைக் காட்டி, இந்த இடத்தில் நீ நின்றால் உன் கண்ணுக்கு என்ன தெரியும் என்று கேட்டவுடன் வகுப்பு அடங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்ல என்னாலும் முடியுமா என்ற ஐயம் நெடுநாளாக இருந்து வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளவே இந்தப் பயணம். தினமும் காலையில் வரைபடத்தை மட்டும் பார்த்து, இன்று காணப்போகும் நிலம் இப்படித்தான் இருக்கும் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவேன். மாலையில் திரும்பி வந்து அது சரியா தவறா என்று இங்கே பதிவேன். தவறுகளையும் மறைக்கப் போவதில்லை.

ஸ்காட்லாந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பாறைகளைப் பார்த்துப் பூமியின் வயதை யோசிக்கத் தொடங்கிய ஜேம்ஸ் ஹட்டன் 1726-இல் பிறந்ததும் 1797-இல் மறைந்ததும் இந்த எடின்பரோ நகரில்தான். மலையின் மேல் சம உயரக் கோடு வரைந்த கதையும் இந்த நாட்டு மலையொன்றைச் சேர்ந்தது. அதை வரைந்தவர் பெயரும் ஹட்டன்தான், ஆனால் அவர் வேறு ஹட்டன். அவரைப் பற்றி நான்காம் நாளில் எழுதுவேன்.

என் கையில் இருப்பவை பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவை கொண்ட தாள்கள். தாளில் 4 செ.மீ. என்றால் நிலத்தில் 1 கி.மீ. இன்று காலை நான் எழுதிய முதல் குறிப்பு கோட்டை நிற்கும் பாறையைப் பற்றியது. அதன் மேற்கு, வடக்கு, தெற்குப் பக்கங்களில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கில் மட்டும் வால் போல நீண்டு விலகிச் செல்கின்றன. மேற்கிலிருந்து வந்த பனியாறு கடினமான எரிமலைக் கழுத்துப் பாறையில் மோதி இருபுறமும் பிரிந்து சென்றிருக்கவேண்டும், பாறையின் மறைவில் இருந்த மென்மையான படிவுகள் தப்பிப் பிழைத்து வாலாக நின்றிருக்கவேண்டும் என்று எழுதினேன். கோட்டையிலிருந்து கிழக்கே ஒரே சீராக இறங்கும் பழைய நகரத்தின் தெரு அந்த வாலின் முதுகில்தான் செல்கிறது. நடக்கும்போது காலே அதை உணர்ந்துகொள்கிறது. முதல் குறிப்பு சரி.

இரண்டாவது குறிப்பில் தவறினேன். நகரின் கிழக்கே 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் சீட் குன்று இருக்கிறது. ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் குமுறிய எரிமலையின் எச்சம் அது. அதை ஒட்டிய சாலிஸ்பரி கிராக்ஸ் என்னும் பாறைச் சுவரும் வரைபடத்தில் மேற்கே செங்குத்தாகவும் கிழக்கே சாய்வாகவும் தெரிந்ததால், இதுவும் அதே பனியாற்று வேலை என்று எழுதிவிட்டேன். பனியாறு இங்கும் செதுக்கியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த வடிவத்தின் முதன்மைக் காரணம் அதுவன்று. படிவுப் பாறை அடுக்குகளுக்கு இடையே மாக்மா என்னும் பாறைக் குழம்பு நுழைந்து, தகடு போல உறைந்து, அந்தத் தகடு முழுவதும் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. மேற்கில் நாம் பார்க்கும் சுவர் அந்தத் தகட்டின் உடைந்த விளிம்பு. ஒரே மாதிரியான கோட்டு வடிவம், இரண்டு வெவ்வேறு காரணங்கள். வரைபடம் நிலத்தின் வடிவத்தைத்தான் சொல்லும், அது எப்படி வந்தது என்று சொல்லாது என்பதை முதல் நாளே கற்றுக்கொண்டது நல்லதாயிற்று.

அந்தச் சுவரின் அடியில் ஹட்டனின் பெயரால் அழைக்கப்படும் இடம் ஒன்று உள்ளது. கீழே இருக்கும் படிவு அடுக்கின் ஒரு துண்டை மேலிருந்த கரும்பாறை நெம்பித் தூக்கியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. தொடும் இடத்தில் கரும்பாறையின் மணிகள் மிக நுண்மையாக இருக்கின்றன, உள்ளே போகப் போகப் பருக்கின்றன. சூடான குழம்பு குளிர்ந்த பாறையைத் தொட்டவுடன் வேகமாக உறைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாறைகள் எல்லாம் ஆதிக் கடலில் படிந்து உருவானவை என்று கற்றவர்கள் நம்பியிருந்த காலத்தில், அடுக்கைப் பெயர்த்தது படிவு அல்ல, கீழிருந்து வந்த குழம்பு என்று ஹட்டன் வாதிட்டார்.

இரண்டாம் நாள்: சிக்கர் பாயின்ட்

இன்றைய பதிவை ஒரு வெட்கக்கேட்டோடு தொடங்கவேண்டும். சிக்கர் பாயின்ட் எடின்பரோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் கடலோரத்தில் உள்ளது. அதன் கட்ட எண் 812 709. முதல் மூன்று இலக்கங்கள் கிழக்கு நோக்கிய தொலைவையும் பின் மூன்று இலக்கங்கள் வடக்கு நோக்கிய தொலைவையும் குறிக்கும். ஆறு இலக்கங்களால் 100 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தைச் சுட்டிவிடலாம். இதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் நானே, புறப்படும் அவசரத்தில் இரண்டையும் இடம் மாற்றிக் கைப்பேசியில் பதிந்துவிட்டேன். கைப்பேசி எந்தத் தயக்கமும் இல்லாமல் டன்பார் ஊருக்கு வடகிழக்கே நடுக்கடலில் ஒரு புள்ளியைக் காட்டியது. கடலைக் காட்டியதால் பிழை உடனே பிடிபட்டது. நிலத்தில் ஏதோ ஒரு வயலைக் காட்டியிருந்தால் அங்கே போய் நின்று பாறையைத் தேடியிருப்பேன். முதலில் தரையில் நட, பிறகு மாடிக்கு ஏறு, அதாவது முதலில் கிழக்கு, பிறகு வடக்கு என்று இனி என் மாணவர்களோடு சேர்ந்து நானும் சொல்லிக்கொள்வேன்.

காலைக் குறிப்பில், கடற்கரைக்கு இணையாகக் கோடுகள் நெருங்கி நிற்பதால் கடைசி இறக்கம் மிகச் சரிவாக இருக்கும் என்று எழுதியிருந்தேன். அப்படித்தான் இருந்தது. புல் மூடிய அந்தச் சரிவில் கைகளையும் ஊன்றி இறங்கினேன். ஈரமான நாளில் அங்கே இறங்கக் கூடாது.

ஆனால் கீழே இருந்ததைச் சம உயரக் கோடு எதுவும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. கிரேவாக் என்னும் சாம்பல் நிறக் கடின மணற்பாறையின் அடுக்குகள், அலமாரியில் அடுக்கிய புத்தகங்களைப் போலச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் தலையைச் சீவிவிட்டது போன்ற ஒரு பரப்பின் மேல், சிவந்த மணற்பாறை அடுக்குகள் லேசான சாய்வோடு படுத்திருக்கின்றன. நிற்கும் பாறைகளின் வயது ஏறத்தாழ 43.5 கோடி ஆண்டுகள். படுத்திருப்பவற்றின் வயது ஏறத்தாழ 37 கோடி ஆண்டுகள். இரண்டும் தொடும் கோட்டின் மேல் என் உள்ளங்கையை வைத்தேன். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே 6.5 கோடி ஆண்டுகள் காணாமல் போயிருந்தன.

இதை நூல்கள் இசைவின்மை என்று அழைக்கின்றன. அந்தச் சொல்லை மனப்பாடம் செய்வதைவிட, நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பது பயன் தரும். முதலில் ஆழ்கடலின் அடியில் சேறும் மணலும் கிடையாகப் படிந்தன. படிவுகள் பெரும்பாலும் கிடையாகத்தான் படியும் என்பது 1669-இலேயே நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த விதி. பிறகு அந்தக் கடல் மூடிக்கொண்டு, இருபுற நிலங்கள் மோதி, அடுக்குகள் மடிந்து நிமிர்ந்து மலையாயின. பிறகு மழையும் ஆறும் அந்த மலையைத் தேய்த்துத் தள்ளின. தேய்ந்த தரையின் மேல் ஆறுகள் மணலைக் கொண்டுவந்து கொட்டின. கடைசியாக எல்லாம் சேர்ந்து சற்றே சாய்ந்தன. சிவப்புப் பாறையின் அடிப்பகுதியில் சாம்பல் பாறையின் உடைந்த சில்லுகள் பதிந்திருப்பதைக் கண்டேன். எது முந்தியது என்று வாதாட அந்தச் சில்லுகளே போதும், கதிரியக்க முறையில் வயது கணிக்கவேண்டிய தேவைகூட இல்லை.

1788-இல் ஹட்டன் தன் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் ஆகியோருடன் படகில் இந்த இடத்துக்கு வந்தார். படகில் வந்தது தற்செயலன்று. நிமிர்ந்த பாறையும் கிடந்த பாறையும் உள்நாட்டில் எங்கெங்கே தலைகாட்டுகின்றன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தை மண் மூடாமல் அலை கழுவி வைத்திருக்கும் என்று எதிர்பார்த்து அவர் கரையோரமாகத் தேடினார். இடம் எங்கே இருக்கவேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தவர் அவர். நான் காலையில் குறிப்பெழுதுவதும் அந்த வழியில்தான், சிறிய அளவில்.

மூன்றாம் நாள்: வடக்கு நோக்கி

இன்று முழுவதும் வண்டியில் கழிந்தது, எழுத அதிகமில்லை. மூன்று வடக்குகளைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு.

தீர்க்கக் கோடுகள் காட்டுவது துருவத்தை நோக்கிய மெய் வடக்கு. வரைபடத்தில் நீல நிறத்தில் அச்சிட்ட கட்டக் கோடுகள் காட்டுவது கட்ட வடக்கு. உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரித்ததால், பிரிட்டனில் 2 பாகை மேற்குத் தீர்க்கக் கோட்டில் மட்டும்தான் இது மெய் வடக்கோடு ஒன்றுபடும். திசைகாட்டியின் ஊசி காட்டுவது காந்த வடக்கு. அது ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2022 நவம்பரில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லாங்டன் மாட்ராவர்ஸ் என்னும் சிற்றூரில் மூன்று வடக்குகளும் ஒன்றாகச் சந்தித்து, பிறகு அந்தச் சந்திப்பு அதே தீர்க்கக் கோட்டின் வழியே வடக்கே நகரத் தொடங்கியது. நான் செல்லும் பகுதியில் மூன்றும் ஓரிரு பாகைக்குள் அடங்கிவிடுவதால் தொல்லையில்லை. ஆனால் ஒரு பாகைப் பிழை 1 கி.மீ. நடையில் ஏறத்தாழ 17 மீட்டர் விலகலைத் தரும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்; பத்துப் பாகை விலகும் நாட்டில் அது 170 மீட்டருக்கும் மேல். வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் காந்த விலக்கக் குறிப்பை, அதாவது ஊசி வடக்கிலிருந்து எவ்வளவு விலகும் என்பதைப் படிக்கும்போது, எந்த ஆண்டுக்கு உரியது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மாலையில் ராணக் ஏரிக்கரைக்கு வந்தபோது ஷிஹாலியன் மலை முதன்முதலாகக் கண்ணில் பட்டது. 1083 மீட்டர் உயரம். இங்கிருந்து பார்க்க, மாணவர்கள் வரையும் அதே கூம்பு. வரைபடத்திலோ அது கிழக்கு மேற்காக நீண்ட ஒரு முகடு. நீண்ட முகட்டை அதன் நுனிப் பக்கம் நின்று பார்த்தால் கூம்பாகத்தான் தெரியும். வேறு பக்கத்திலிருந்து பார்க்கும்போது கூம்பு கலைந்துவிடும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நான்காம் நாள்: மழை

காலை முதல் மழை. மலை கண்ணுக்கே தெரியவில்லை. மேசை மேல் வரைபடத்தை விரித்து, நாளை ஏறப்போகும் கிழக்கு முகட்டின் குறுக்குவெட்டை வரைந்தேன்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காகிதத் துண்டு ஒன்றின் நேர் விளிம்பைப் பாதையின் மேல் வைத்து, விளிம்பை வெட்டும் ஒவ்வொரு சம உயரக் கோட்டுக்கும் ஒரு கீறலும் அதன் உயரமும் குறித்துக்கொள்ளவேண்டும். பின் அந்தத் துண்டை வரைதாளின் அடியில் வைத்து, ஒவ்வொரு கீறலுக்கும் நேர் மேலே உரிய உயரத்தில் புள்ளி வைத்து, புள்ளிகளை இணைக்கவேண்டும். இந்தத் தாளில் கோடுகளுக்கு இடையிலான உயரம் 10 மீட்டர். ஐந்தாவது கோடு தோறும் தடித்திருக்கும், அதாவது 50 மீட்டருக்கு ஒரு தடித்த கோடு. கிடையில் 4 செ.மீ.க்கு 1 கி.மீ. என்றும், செங்குத்தில் 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்றும் வைத்தேன். உயரம் இரண்டரை மடங்கு மிகையாகத் தெரியும் படம் அது. இந்த மிகையைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் பாடநூல் மலைகள் எல்லாம் ஊசிகளாக இருக்கின்றன. மெய்யான சரிவை அறிய ஒரு கணக்கு போதும்: தாளில் இரு கோடுகள் 1 மி.மீ. இடைவெளியில் இருந்தால், நிலத்தில் 25 மீட்டர் நடையில் 10 மீட்டர் ஏற்றம், அதாவது ஏறத்தாழ 22 பாகை. எழுத்தில் சிறியது, கால்களுக்கு அப்படியன்று.

படத்தில் முகடு கீழே செங்குத்தாகவும் மேலே போகப் போகத் தணிந்தும் குவிந்த முதுகாக வந்தது. ஆகவே கீழிருந்து உச்சி தெரியாது, உச்சி என்று நினைப்பவை பல முறை ஏமாற்றும் என்று நாளைக்கான குறிப்பை எழுதினேன்.

இனி அந்த மற்றொரு ஹட்டனின் கதை. 1774-இல் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலைன் இந்த மலையைக் கொண்டு பூமியை எடைபோட வந்தார். மலையின் பக்கத்தில் தொங்கும் தூக்குக்குண்டை மலையின் நிறை சற்றே தன்பால் இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, மலையின் நிறையையும் கணித்துவிட்டால், பூமியின் நிறை தானாக வந்துவிடும். தனித்து நிற்பதும், ஓரளவு ஒழுங்கான வடிவமும், வடக்கிலும் தெற்கிலும் செங்குத்தான சரிவுகளும் கொண்டதால் ஷிஹாலியன் பொருத்தமாக அமைந்தது. மலையின் இருபுறமும் கூடாரம் அமைத்து, மேகம் விலகும் இரவுகளுக்காகக் காத்திருந்து, விண்மீன்கள் தலைக்கு நேர் மேலான வான உச்சியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்தார். இருபுற விலகலையும் கூட்டினால் கிடைத்தது 11.6 வில் விநாடி; ஒரு வில் விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு. ஒரு பக்கத்துக்கு அதில் பாதி என்றால், 35 மீட்டர் நீளமுள்ள தூக்குக்குண்டின் நுனி 1 மி.மீ. நகரும் அளவு.

மலையின் கனஅளவைக் கணக்கிடும் பொறுப்பு சார்ல்ஸ் ஹட்டனிடம் வந்தது. நியூகாசலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, இளமையில் தானும் சுரங்கத்தில் வேலை செய்து, பின் கணிதப் பேராசிரியரானவர் அவர். அளவையர்கள் கொண்டுவந்த தாளில் உயர எண்கள் ஏராளமாகச் சிதறிக் கிடந்தன. ஒரே உயரமுள்ள புள்ளிகளைப் பென்சிலால் மெல்லிய கோடாக இணைத்தவுடன் மலையின் வடிவம் தாளில் எழுந்து வந்தது. நீரடி ஆழத்தை இவ்விதம் கோடுகளால் காட்டும் வழக்கம் நெதர்லாந்தில் அதற்கு முன்பே உண்டு. 1701-இல் எட்மண்ட் ஹாலி காந்த விலக்கத்துக்கு இதே போன்ற கோடுகள் வரைந்திருக்கிறார். ஆகவே கோட்டைக் கண்டுபிடித்தவர் ஹட்டன் என்று சொல்வது மிகை. ஆனால் படம் அழகாக இருக்கவேண்டும் என்று அவர் கோடு வரையவில்லை, கணக்குப் போட வழியில்லாமல் வரைந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அலைந்து திரியும் எண்களை ஒழுங்குபடுத்தும் கருவியாக வந்ததைத்தான் நாம் வெங்காய வளையமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

1778-இல் வெளியான அவர் கணக்கின்படி பூமியின் சராசரி அடர்த்தி மலையின் அடர்த்தியைப் போல 9/5 மடங்கு, அதாவது 1.8 மடங்கு. மலைப்பாறையை நீரைப் போல 2.5 மடங்கு என்று கொண்டால் பூமி 4.5 மடங்கு. இன்றைய மதிப்பு 5.5. பிழை பெரியதுதான், ஆனால் பூமி உள்ளே பொள்ளல் என்று சிலர் நம்பிய காலத்தில், மேற்பாறையைவிட உட்பகுதி மிகக் கனமானது, அங்கே உலோகம் இருக்கவேண்டும் என்று சொல்ல இது போதுமானதாக இருந்தது.

தூக்குக்குண்டுக்கு இன்னொரு திருப்பமும் உண்டு. இந்தியாவின் பெரும் முக்கோண அளவையில், இமயமலை தூக்குக்குண்டை இழுக்கவேண்டிய அளவு இழுக்கவில்லை. கணக்கு ஏறத்தாழ 16 வில் விநாடி என்றது, அளவையோ 5 வில் விநாடியைச் சற்றே தாண்டியது. மலைக்குக் கீழே லேசான பாறை வேர் போல ஆழ்ந்திருக்கிறது, நீரில் மிதக்கும் மரத் தெப்பத்தைப் போல, என்று 1855-இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி விளக்கினார். நிலமும் மிதக்கிறது என்னும் இந்தச் செய்தி ஆறாம் நாளில் திரும்ப வரும்.

ஐந்தாம் நாள்: ஷிஹாலியன்

வானம் தெளிந்தது. வடகிழக்கே பிரேஸ் ஆஃப் ஃபாஸ் என்னும் இடத்தில் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து பார்த்தபோது கூம்பு மறைந்து, நீண்ட முதுகு ஒன்று வானத்தை மறித்துக்கொண்டு படுத்திருந்தது. முந்தாநாள் குறிப்பு சரி.

நேரக் கணிப்பில்தான் தோற்றேன். வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு விதி தந்தார்: சமநிலத்தில் மணிக்கு 5 கி.மீ. என்று கொண்டு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டவேண்டும். உச்சி வரை ஏறத்தாழ 5 கி.மீ. நடை, 750 மீட்டர் ஏற்றம். ஆகவே இரண்டே கால் மணி. எனக்கு மூன்றரை மணி ஆயிற்று. வயதைக் குறை சொல்லலாம். ஆனால் மேற்பாதி முழுவதும் குவார்ட்சைட் பாறைத் துண்டுகள் தாறுமாறாகக் கிடக்கும் களம்; ஒவ்வொரு அடியும் எங்கே வைப்பது என்று பார்த்து வைக்கவேண்டியிருந்தது. வரைபடத்தில் அதற்கு முறைக்குறியீடு இருக்கிறது, சிறு புள்ளிகளும் கற்களும் சிதறியது போல. அதை நான் பார்த்திருந்தேன், கணக்கில் சேர்க்கவில்லை. பழுப்புக் கோடுகளை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றை அலங்காரமாகக் கருதும் பழக்கம் ஆசிரியர்களுக்கே உண்டு போலும்.

ஏமாற்றும் உச்சிகள் வரும் என்று எழுதி வைத்திருந்தும் ஒவ்வொன்றிலும் ஏமாந்தேன். முன்கூட்டித் தெரிந்திருப்பதால் ஏமாற்றம் குறைவதில்லை. திரும்பிவிடலாம் என்ற எண்ணம்தான் குறைகிறது.

அந்தக் குவார்ட்சைட்டைப் பற்றி ஒரு சொல். 60 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடற்கரை மணல், மணற்பாறையாகி, பிறகு மலை எழுந்தபோது ஏற்பட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. மணற்பாறையை உடைத்தால் மணிகளைச் சுற்றி உடையும். இதை உடைத்தால் மணிகளை ஊடறுத்து உடையும், ஏனென்றால் மணிகள் தனித்தனியாக இப்போது இல்லை. மிகக் கடினமானது, ஆகவே சுற்றியிருந்த பாறைகள் தேய்ந்தபோது இது எஞ்சி நின்றது. பனிக்காலங்களில் வெடிப்புகளில் புகுந்த நீர் உறைந்து விரிந்து இதைத் துண்டு துண்டாகப் பிளந்ததால்தான் என் மூன்றரை மணி.

உச்சியில் நின்று வரைபடத்தைத் திசைப்படுத்தினேன். திசைகாட்டியை எடுக்கவில்லை, மேற்கே நீளும் ஏரியின் நீல வடிவத்தை, கண்முன் கிடந்த ஏரியோடு பொருத்தும்வரை தாளைத் திருப்பினேன். தாளில் எழுத்துகள் தலைகீழாக வந்தாலும் பொருட்படுத்த வேண்டாம் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். எழுத்தை நேராகப் பிடித்து நிலத்தைத் தலைகீழாகப் படிப்பதைவிட அது மேல். மாஸ்கலைனின் ஆட்கள் தூக்குக்குண்டோடு தங்கியிருந்த வடக்கு, தெற்குச் சரிவுகள் இரண்டும் என் இருபுறமும் கீழே சரிந்திருந்தன. அந்த மாதங்களில் பெரும்பகுதி மேகத்துக்குள் கழிந்தது என்பதை நான்கு நிமிடங்களில் நம்பிவிட்டேன்; அதற்குள் எனக்கும் மேகம் வந்துவிட்டது.

ஆறாம் நாள்: கிளென் ராய்

வழியில், வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஸ்காட்லாந்தையே குறுக்கே வெட்டும் பெரும் பள்ளத்தாக்கின் பக்கம் வந்தேன். லாக் நெஸ், லாக் லாக்கி, லாக் லின்னி ஆகிய நீர்நிலைகள் அளவுகோல் வைத்து வரைந்தது போல ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. ஆறு தன் போக்கில் இப்படி நேராக ஓடாது. பூமியின் ஓடு பிளந்து, இருபுறமும் பக்கவாட்டில் நகர்ந்து, நொறுங்கிய பாறையைப் பனியாறு வாரிச் சென்ற தடம் அது. வரைபடத்தில் நீண்ட நேர்கோடு தெரிந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது பிளவைத்தான்.

பயணத்தின் கடைசி இடம் கிளென் ராய். பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளிலும், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோடுகள் ஓடுகின்றன. ஏறத்தாழ 350, 325, 260 மீட்டர் உயரங்களில். மலைக்கிளை வெளியே துருத்தும் இடத்தில் அவையும் துருத்துகின்றன, ஓடை உள்ளே குடையும் இடத்தில் அவையும் உள்ளே வளைகின்றன. சம உயரக் கோட்டை நிலத்திலேயே வரைந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கோடு ஓடையைக் கடக்கும்போது மேல்நோக்கி ஏன் கூர்மையாக வளைகிறது என்று கரும்பலகையில் விளக்கித் தோற்ற ஆசிரியர் எவரும் இங்கே ஒரு முறை வந்து நிற்கவேண்டும்.

உள்ளூர் மரபு இவற்றைப் பண்டைய மன்னர்களின் வேட்டைச் சாலைகள் என்றது. 1838-இல் இங்கே வந்த சார்ல்ஸ் டார்வின், தென் அமெரிக்காவில் உயர்ந்தெழுந்த கடற்கரைகளைக் கண்டுவந்த பழக்கத்தில், இவையும் பழைய கடற்கரைகளே என்று மறு ஆண்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆனால் கடற்சிப்பி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1840-இல் வந்த லூயி அகாசி, பனியாறு பள்ளத்தாக்கின் வாயை அடைத்து உண்டாக்கிய ஏரியின் கரைகள் இவை என்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் கருத்தை விடாத டார்வின், தாமஸ் ஜேமிசன் இங்கே வந்து ஆராய்ந்த பிறகு, தான் எழுதியது முதலிலிருந்து கடைசி வரை பெரும் பிழை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன சான்றை வரைபடத்திலேயே தேடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது. தொட்டியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை வழிந்தோடும் துளையின் உயரம்தான் முடிவு செய்யும். பனி அணையிட்ட ஏரி என்றால், ஒவ்வொரு கரைக்கும் அதே உயரத்தில் ஒரு கணவாய் இருந்தாகவேண்டும். காலையில் குறிப்பேட்டில் இதை எழுதிவிட்டுத் தாளில் தேடினேன். கிளென் ராயின் தலைப்பில் ஸ்பே ஆற்றுப் பக்கம் வழிவிடும் சேண வடிவக் கணவாய் 350 மீட்டரில் இருந்தது. கீழ்க்கோட்டுக்கு உரியது லாக் லேகனுக்குக் கிழக்கே, 260 மீட்டரில். பனி முன்னேறித் தாழ்ந்த கணவாயை அடைக்கும்போது நீர் அடுத்த உயரத்துக்கு ஏறியது. பனி பின்வாங்கியபோது அதே படிகளில் இறங்கியது. ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த கடைசிக் குளிரின்போது நடந்தவை இவை.

ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். கோடுகள் முற்றிலும் கிடையாக இல்லை; நுணுகி அளந்தால் சற்றே வளைந்தும் சாய்ந்தும் இருக்கின்றன. பனியின் பாரத்தால் அமிழ்ந்த நிலம், பனி உருகிய பின் மெல்ல எழுந்தபோது எல்லா இடத்திலும் ஒரே அளவு எழவில்லை. ஸ்காட்லாந்தின் பெரும்பகுதி இன்றும் எழுந்துகொண்டிருக்கிறது. ஏரியின் மிதக்கும் மலை நான்காம் நாளில் தூக்குக்குண்டைக் குழப்பியது. இங்கே ஏரிக்கரையையே வளைத்திருக்கிறது. முன்னவர் ஜார்ஜ் ஏரி, பின்னது நீர் நிற்கும் ஏரி. தமிழில் எழுதும்போது நேரும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க முடியவில்லை.

பார்வை மேடையின் சுவரில் தாளை விரித்து, நிலத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தேன். மேல் கோடு தாளின் தடித்த 350 மீட்டர் கோட்டோடு ஒட்டிச் செல்கிறது. கீழ்க்கோடு 260 மீட்டரின் மெல்லிய கோட்டோடு. நடுக்கோடுதான் இடறியது. பத்து மீட்டர் இடைவெளி கொண்ட தாளில் 320 உண்டு, 330 உண்டு, 325-க்குக் கோடு கிடையாது. எதிர்ச்சரிவில் அது தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே, பென்சிலை எடுத்து, இரண்டுக்கும் நடுவே ஓடை ஓடையாக வளைத்து நானே வரைந்தேன். மழைத்துளி விழுந்து தாள் ஓரிடத்தில் பொங்கியிருக்கிறது. கோடு அங்கே மட்டும் கொஞ்சம் தடித்துவிட்டது.